கொதிநீரிலும் சாகாத கிருமி: ஆட்டோகிளேவுக்கு ஏன் 121 டிகிரி?

"அரை மணி நேரம் நல்லா கொதிக்க வச்சாச்சு, இதுக்கு மேல என்ன கிருமி இருக்கப் போகுது?" நம்மில் பலருடைய நம்பிக்கை இதுதான். குழந்தையின் பால் புட்டிக்கு இது போதும். ஆனால், உடலைக் கீறி உள்ளே போகும் கத்தரிக்கும் கத்திக்கும் போதாது.

நர்சிங், லேப் டெக்னீஷியன், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் என எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதலாண்டிலேயே '121 டிகிரி, 15 பவுண்டு, 15 நிமிடம்' என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். தேர்வில் மார்க்கும் கிடைத்துவிடும். அந்த எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டவர்தான் வார்டில் தப்பு செய்யமாட்டார்.

கொதிநீர் எதைக் கொல்லும்?

வளர்ந்து பெருகும் நிலையில் உள்ள பாக்டீரியாக்கள், பெரும்பாலான வைரஸ்கள், பூஞ்சைகள் எல்லாம் 100 டிகிரி கொதிநீரில் சில நிமிடங்களில் செத்துவிடும். வெப்பம் அவற்றின் புரதங்களை உருக்குலைத்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கட்டியாவதைப் போலத்தான் இதுவும்.

தப்பிப்பவை ஸ்போர்கள். பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் உணவு கிடைக்காதபோது தங்கள் மரபுப்பொருளைத் தடித்த உறைகளுக்குள் வைத்து மூடிக்கொள்கின்றன. நடுவே இருக்கும் கருவில் தண்ணீர் மிகக் குறைவு. கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்ந்து அதை இறுக்கிப் பிடிக்கின்றன. சிறு புரதங்கள் டி.என்.ஏ.வைப் போர்த்திக் காக்கின்றன. ஸ்போர் சாப்பிடாது, வளராது, பெருகாது. ஆண்டுக்கணக்கில் மண்ணில் அப்படியே கிடக்கும். ஏற்ற இடம் கிடைத்ததும் விதை முளைப்பதுபோல மறுபடியும் பாக்டீரியாவாக மாறும்.

1876-ல் ஜெர்மானிய அறிவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் வைக்கோல் ஊறிய நீரில் வளரும் பாக்டீரியாவை ஆராய்ந்தபோது, கொதித்த பிறகும் ஸ்போர்கள் பிழைத்திருப்பதைக் கண்டார். அதே ஆண்டில் ஆந்த்ராக்ஸ் கிருமியும் ஸ்போர் உருவாக்குவதை ராபர்ட் கோக் காட்டினார். பாஸ்டரின் ஆய்வகத்தில் பணிபுரிந்த சார்லஸ் சேம்பர்லாண்ட் 1879-ல் ஆட்டோகிளேவை உருவாக்கினார்.

ஒரு ஸ்போரால் என்ன ஆகிவிடும்?

டெட்டனஸ் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ராஸ்கோப்பில், ஒரு முனையில் உருண்டை உள்ள மேளக்குச்சிபோலத் தெரியும். அந்த உருண்டைதான் ஸ்போர். மண்ணிலும் சாணத்திலும் இது சர்வசாதாரணம். ஆக்சிஜன் குறைந்த காயத்துக்குள் போனால் முளைத்து நச்சைச் சுரக்கும். தசைகளைத் தளர்த்தச் சொல்லும் நரம்புச் சமிக்ஞைகளை அந்த நச்சு தடுத்துவிடும். தாடை இறுகும், உடல் வில்லாக வளையும்.

சுத்தமில்லாத பிளேடால் தொப்புள்கொடியை அறுத்ததால் மட்டுமே இப்படி இறந்த பச்சிளம் குழந்தைகள் ஏராளம். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், சுத்தமான கை, சுத்தமான பிளேடு ஆகியவற்றால் இந்த நிலை மாறியது. தாய்-சேய் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் உறுதிசெய்தது. மண்ணில் உள்ள ஸ்போர் எங்கும் போய்விடவில்லை. அதனால் இந்தக் கவனத்தை இன்றும் விட முடியாது.

குக்கரும் ஆட்டோகிளேவும்

திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஊட்டி போன்ற உயரமான ஊரில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி, நீராவியை அடைத்து, அழுத்தத்தைக் கூட்டினால்தான் வெப்பநிலை மேலே ஏறும். பிரஷர் குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகும் காரணமும் இதுவே.

ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியை எட்டும். அந்த வெப்பத்தில் 15 நிமிடம் இருந்தால் ஸ்போர்களும் சாகும். கருவியை எட்டியவுடன் நீராவி தண்ணீராக மாறி, ஒரு கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தைக் கொட்டுகிறது. இட்லிச் சட்டியைத் திறக்கும்போது ஆவி பட்டால் கை வெந்துபோவது இதனால்தான். ஈரமில்லாத சூட்டில் இதே வேலை நடக்க ஹாட் ஏர் அவனில் 160 டிகிரியில் 2 மணி நேரம் ஆகும்.

இங்கே கொல்வது அழுத்தம் இல்லை, வெப்பம். உள்ளே காற்று தங்கிவிட்டால் மீட்டர் 15 பவுண்டு காட்டும், வெப்பநிலை 121-ஐ எட்டாது. பாதிக் காற்றுதான் வெளியேறியது என்றால் சுமார் 112 டிகிரியில் நின்றுவிடும். டிரம்மைத் திணித்து அடைப்பதும், கத்தரியை மூடிய நிலையில் வைப்பதும், கிண்ணத்தை நிமிர்த்தி வைப்பதும் ஆபத்தாவது இப்படித்தான். காற்று சிக்கிய இடத்துக்கு நீராவி போகாது.

டேப் கறுத்துவிட்டால் போதுமா?

'டேப் கலர் மாறிடுச்சு, எடுத்துக்கலாம்' என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். வெளியே ஒட்டிய டேப், அந்தப் பொட்டலம் சூட்டில் இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். நடுவில் உள்ள துணி வரை நீராவி போனதா என்று அதற்குத் தெரியாது. அதற்குப் பொட்டலத்துக்குள்ளேயே கெமிக்கல் இண்டிகேட்டர் பட்டை வைக்க வேண்டும்.

இன்னும் உறுதியான சோதனை, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள். வெப்பத்தை மிக அதிகமாகத் தாங்குபவை இவை. இந்த ஸ்போர் உள்ள குப்பியைக் கருவிகளோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்து, பிறகு 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பார்ப்பார்கள். எதுவும் முளைக்காவிட்டால் எந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். குறைந்தது வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஆட்டோகிளேவ் வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் வகுத்த பிரிவினை இன்றும் நடைமுறையில் உள்ளது. ரத்தத்துக்குள்ளோ திசுவுக்குள்ளோ போகும் கருவிக்கு முழு ஸ்டெரிலைசேஷன். சளிச்சவ்வைத் தொடும் எண்டோஸ்கோப் போன்றவற்றுக்கு உயர்நிலை தொற்றுநீக்கம். தோலை மட்டும் தொடும் பி.பி. கஃப், ஸ்டெதாஸ்கோப் ஆகியவற்றைச் சுத்தம் செய்து கிருமிநாசினியால் துடைத்தால் போதும்.

ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட கருவி ஸ்டெரைல் ஆகிவிடாது. ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்றால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளியைக் கவனித்த பிறகு, ஹேண்ட் ரப்பை நம்பாமல் சோப்பு போட்டுக் கழுவச் சொல்வதும் இதனால்தான். சோப்பும் ஸ்போரைக் கொல்வதில்லை. தேய்த்துக் கழுவும்போது அது கையை விட்டுத் தண்ணீரோடு போய்விடும்.

மாணவர்கள் மறக்கக் கூடாதவை

* முதலில் கழுவுங்கள். கருவியில் ரத்தம் காய்ந்திருந்தால், அந்தப் படலத்துக்கு அடியில் உள்ள கிருமியை நீராவி எட்டாது.
* பொட்டலங்களுக்கு இடையே இடைவெளி விடுங்கள். கத்தரி, ஃபோர்செப்ஸ் போன்றவற்றைத் திறந்த நிலையில் வையுங்கள்.
* 121 டிகிரியை எட்டிய பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள். ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து அல்ல.
* ஈரமாக வெளியே வரும் பொட்டலத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஈரத்துணி வழியே வெளிக்கிருமி உள்ளே இறங்கும்.
* தேதி, சுற்று எண், இண்டிகேட்டர் முடிவு மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு ஒரு சுற்று தவறியது தெரியவந்தால், எந்தக் கருவிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பதை அந்தப் பதிவுதான் சொல்லும்.

மேசையில் மயக்கத்தில் படுத்திருப்பவரால் 'இது ஸ்டெரைல்தானா?' என்று கேட்க முடியாது. அவருக்காக அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர், டிரம்மைத் திறக்கும் நீங்கள்தான்.