மலையிலிருந்து ஒரு பயணம் – 7: மின்னேரியாவின் புல்வெளி

சஃபாரி என்றால் எங்கள் தெல்தோட்டைப் பிள்ளைகளுக்கும் ஆப்பிரிக்காதான். மசாய் மாராவும் சிங்கமும் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவை. அவ்வளவு தூரம் போக நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? விடியப் புறப்பட்டுக் கலஹா வழியே இறங்கி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை தாண்டினால் மத்தியானத்துக்குள் ஹபரணை. அங்கே ஜீப் பிடித்தால் மின்னேரியா.

மகாசேன மன்னன் கட்டிய குளம் அது. சுற்றியுள்ள காடு 1997இல் தேசியப் பூங்காவானது. வறண்ட மாதங்களில் குளம் வற்ற வற்ற, நீர் விலகிய ஈரமண்ணில் இளம்புல் முளைக்கும். சுற்றுக்காடெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆகஸ்ட், செப்டெம்பரில் அந்தப் புல்லைத் தேடித்தான் யானைகள் வருகின்றன. நல்ல வருடத்தில் முன்னூறு வரை சேரும். மசாய் மாராவுக்கு லட்சக்கணக்கான விலங்குகள் மழையின் பின்னால் போகின்றன. இங்கே பின்வாங்கும் தண்ணீரின் பின்னால்.

ஜீப் மரங்களை விட்டு வெளியே வந்ததும் ஒரே வெளி. "சத்தம் போட வேணாம் மாத்தயா" என்று சொல்லி டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பக்கத்திலேயே ஒரு பெண் யானை. முன்னங்காலால் புல்லைச் செத்தி, தும்பிக்கையில் கொத்தாகச் சுருட்டி, காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைத்தது. ஒவ்வொரு வாய்க்கும் அதே நிதானம். குட்டி அதன் வயிற்றுக்குக் கீழே நின்றது. இன்னொரு ஜீப் நெருங்கியதும் மற்றப் பெண் யானைகள் வந்து குட்டியை நடுவில் விட்டுச் சூழ்ந்துகொண்டன. கொம்பன் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தமுண்டு. நம் நாட்டில் ஆண்களிலேயே மிகச் சிலவற்றுக்குத்தான்.

பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் மலைதான் நினைவுக்கு வந்தது. கோப்பிக்காகக் காட்டை வெட்டும் முன்னர் மலைநாட்டிலும் யானை இருந்தது. வெள்ளைக்காரர் அவற்றை விளையாட்டாகச் சுட்டார்கள். 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேல் கொன்றதாகச் சொல்வார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்ட பிறகு, மிஞ்சிய காடும் போனது. இன்று தெல்தோட்டைப் பிள்ளை காட்டு யானையைப் பார்க்க மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது.

மின்னேரியாவுக்கும் கவலை இல்லாமலில்லை. 2018இல் மொரகஹகந்தை நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கிய பின், வறண்ட மாதங்களிலும் குளம் நிறைந்து நிற்பதுண்டு. நீர் விலகாவிட்டால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் யானை பக்கத்து வயலுக்குப் போகும். வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் குளத்தை எப்போது, எவ்வளவு நிரப்புவதென்று நீர்ப்பாசனக்காரரும் வனசீவராசிக்காரரும் விவசாயிகளோடு உட்கார்ந்து, ஆகஸ்டுக்கு முன்பே பேசியாக வேண்டும். ஜீப்புகளும் கூட்டத்தின் வழியை மறிக்காமல் தள்ளி நிற்க வேண்டும்.

புல் கிடைக்காத கூட்டங்கள் போகும் கவுடுல்லை பற்றி அடுத்த வாரம்.