கட்டமும் கரையும் – 9: கிடங்குக் காவலர்

1993. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். டாஸ் படிக்கத்தான் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். பாடம் சீக்கிரம் முடிந்தால், சென்டர் அண்ணன் ஒரு ஃப்ளாப்பியைச் செருகி விளையாட்டு போட்டுக் கொடுப்பார். திரையில் செங்கல் சுவர். சுவருக்குள் ஒரு சின்ன ஆள், சில பெட்டிகள், தரையில் குறி போட்ட இடங்கள். பெட்டிகளைத் தள்ளிப்போய்க் குறி போட்ட இடங்களில் சேர்க்க வேண்டும். சுட எதிரி கிடையாது. துரத்த யாரும் கிடையாது.

மற்ற பையன்களுக்குப் பத்தே நிமிடத்தில் அலுத்துவிட்டது. எனக்கு அந்த இடம் ஏற்கெனவே பழக்கப்பட்டதாக இருந்தது. ராயபுரத்தில் இருந்த என் பெரியப்பா, துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் வேலை. இறக்கிய சரக்கு எந்த ஷெட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். திரையில் இருந்த ஆள் அவரைப் போலவே இருந்தான்.

சென்ற வாரம் டெட்ரிஸ் பற்றி எழுதினேன். மேலிருந்து விழுவதை அடுக்கும் அந்த ரஷ்ய விளையாட்டுக்குச் சில ஆண்டுகள் மூத்தது இந்த ஜப்பானிய விளையாட்டு. பெயர் சோகோபான். ‘சோகோ’ என்றால் கிடங்கு, ‘பான்’ என்றால் காவல். கிடங்குக் காவலர். வடசென்னையில் கிடங்கு என்று யார் சொல்கிறார்கள்? குடோன்தான். அந்தக் குடோன், மலாய் மொழியின் ‘குடாங்’ வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மலாய்க்காரர்களுக்கு அதைக் கொடுத்தது தமிழின் கிடங்கோ தெலுங்கின் கிட்டங்கியோ என்பது அகராதிக்காரர்கள் பலருடைய கருத்து. நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன சொல், உச்சரிப்பு மாறித் திரும்பி வந்து ராயபுரத்தில் இறங்கியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பயணம் இது.

விளையாட்டை எழுதியவர் ஹிரோயுகி இமபயாஷி. 1981இல் எழுதி முடித்தார். அவருடைய ‘திங்கிங் ராபிட்’ நிறுவனம் 1982 டிசம்பரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. நிறுவனம் இருந்த ஊர் தகராசுகா. பெண்கள் மட்டுமே ஆண் வேடமும் பெண் வேடமும் கட்டி நடிக்கும் இசை நாடகக் குழுவுக்குப் பேர் போன ஊர் அது. 1914 முதல் அங்கே மேடையேறுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் கோபே துறைமுகம். கடலைத் தூர்த்து, கண்டெய்னர் கப்பல்களுக்கென்றே துறைகள் கட்டிய செயற்கைத் தீவு அங்கே 1981இல்தான் முழுமையடைந்தது. உலகத்தின் சரக்கெல்லாம் பெட்டிக்குள் புகுந்துகொண்டிருந்த காலம். சென்னையும் அதில் பின்தங்கவில்லை. 1983 டிசம்பர் 18 அன்று இந்திரா காந்தி இங்கே கண்டெய்னர் முனையத்தைத் திறந்து வைத்தார். கண்டெய்னருக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் முனையம். சோகோபான் வெளிவந்து சரியாக ஓராண்டு.

தொடர் வளர்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1984இல் இரண்டாம் பாகம். 1988இல் ‘ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட்’ நிறுவனம் 50 லெவல்களோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1989இல் ஜப்பானில் கேம்பாய் கருவிக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதுவே ‘பாக்ஸில்’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. பிறகு கணக்கற்ற நகல்கள்.

விதிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் உயிர் அங்கேதான் இருக்கிறது. காவலர் பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். இரண்டு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் நகராது. மூன்றே விதிகள். பெட்டியை ஒரு மூலையில் முட்டவிட்டால், எந்தப் பக்கம் போய் நின்றும் அதை வெளியே கொண்டுவர வழியில்லை. சுவரோரம் ஒட்டவிட்டால் அந்தச் சுவரை விட்டு அது விலகாது. ஆடுபுலி ஆட்டத்தில் தப்பான இடத்தில் ஆட்டை வைத்தால் புலி உடனே தாவிக் காட்டிவிடும். இங்கே செய்த தப்பு நாற்பது நகர்வு கழித்துத்தான் தெரியும். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும்.

வடசென்னையின் மணலியில் அப்படி ஒன்று நடந்தது. சுங்கத் துறை 2015இல் பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், கிட்டத்தட்ட 700 டன், 37 கண்டெய்னர்களில் அங்குள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடந்தது. வழக்கு, உத்தரவு, ஏலம் என்று ஐந்து ஆண்டுகள். அந்தப் பெட்டிகளை யாரும் தொடவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மணலியின் 37 பெட்டிகள் ஊரார் கண்ணில் பட்டன. அந்த மாதமே லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகளும் அந்தப் பெட்டிகளுக்கு எட்டும் தூரத்தில் மணலியில் குடும்பங்கள் சமைத்து, சாப்பிட்டு, தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு சரக்கை எங்கே நிறுத்துவது என்பதை அலுவலகக் கோப்பில் முடியும் விஷயமாக என்னால் அதன் பிறகு நினைக்க முடிந்ததில்லை.

கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒருவரிடம் இந்த விளையாட்டைக் காட்டினேன். ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறார். கண்டெய்னரை மேலிருந்து பிடித்துத் தூக்கி அடுக்கும் அந்தப் பெரிய வண்டி. “எங்களுக்குத் தூக்க முடியும்ணா, அது ஒண்ணுதான் வித்தியாசம்” என்றார். “ஆனா அடியில இருக்கிற பெட்டிக்கு லாரி வந்து நின்னா, மேல இருக்கிற மூணையும் எறக்கி எங்கயாவது வைக்கணும். வைக்கிற இடத்துல நாளைக்கு எந்தப் பெட்டிக்கு ஆள் வரும்னு தெரியணும். எது முதல்ல வெளிய போவும்னு தெரிஞ்சாதான் எதை அடியில வைக்கிறதுன்னு தெரியும்.”

அவர் சொன்னது கணினி விஞ்ஞானத்தில் பெயர் பெற்ற ஒரு சிக்கல். கண்டெய்னர்களை ஆகக் குறைந்த தடவை இடம் மாற்றி எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு, அடுக்கு பெரிதாகும்போது கணினியும் திணறும் என்று நிறுவியிருக்கிறார்கள். சோகோபான் அதைவிடக் கடினமானதாகக் கருதப்படும் வகுப்பைச் சேர்ந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் கல்பர்சன் 1997இல் இதை நிரூபித்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் யுங்ஹான்ஸும் ஜோனதன் ஷேஃபரும் ‘ரோலிங் ஸ்டோன்’ என்று ஒரு நிரல் எழுதினார்கள். சோதனைக்கென எல்லாரும் எடுத்துக்கொள்ளும் 90 லெவல்களில் 59ஐ அது தீர்த்தது. மீதி 31ஐயும் மனிதர்கள் உட்கார்ந்து யோசித்தே தீர்த்துவிட்டிருந்தார்கள். தொண்ணூறையும் ஒரு நிரல் தீர்க்க 2020 வரை ஆனது. அதை எழுதியவர் யாரோன் ஷோஹாம். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதியவர் அதே ஷேஃபர். இருபது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் அதே கிடங்குக்குத் திரும்பி வந்திருக்கிறார்.

நிரல்கள் கையாளும் வழிகளில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடிவிலிருந்து தொடங்குவது. பெட்டிகளெல்லாம் குறி போட்ட இடத்துக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பது. எது முதலில் வெளியே போகும் என்று ரீச் ஸ்டாக்கர் ஓட்டுநர் கேட்டதும் இதைத்தான். யார்டில் வேலை செய்பவர்களை உடல் உழைப்பாளிகள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அவர்கள் மண்டைக்குள் அன்றாடம் நடப்பது கணிதம். ஷெட்டில் மூட்டையும் சிப்பமும் சுமந்த தலைமுறைக்கும் அந்தக் கணிதம் தெரிந்திருந்தது.

யார்டுக்குள் இவ்வளவு யோசனை. வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில்? துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் காசிமேட்டைத் தாண்டித் திருவொற்றியூர் வரை வரிசையில் நின்ற நாட்களைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். பிள்ளைகள் இரண்டு டிரெய்லர்களுக்கு இடையில் புகுந்து பள்ளிக்கூடம் போவார்கள். இந்த நெரிசலைக் குறைக்கத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. தூண்கள் கூவத்தில் ஆண்டுக்கணக்கில் மொட்டையாக நின்றன. 2022இல் திரும்ப ஓர் அடிக்கல். பெட்டி நகர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு கட்டமாவது காலியாக இருக்க வேண்டும். சோகோபானின் முதல் லெவலிலேயே குழந்தைக்குப் புரிந்துவிடுகிற விஷயம் இது. வடசென்னையின் காலி இடங்களையெல்லாம் யார்டுக்கும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் கொடுத்துவிட்டு, ஊர்க்காரர்களைச் சுவரோரம் ஒட்டவிட்டிருக்கிறோம் என்பதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன மாதம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். எண்பது தாண்டிவிட்டார். என் போனில் சோகோபானைத் திறந்து கையில் கொடுத்து, எப்படி நகர்த்துவது என்று காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நான் முதன்முதலில் செய்ததைப் போல அவசரமாக எதையும் தள்ளவில்லை. காவலரை மட்டும் நடக்கவிட்டார். பெட்டிகளைச் சுற்றி ஒரு சுற்று. சுவரோரமாக இன்னொரு சுற்று. போகாத மூலை இல்லை.

“தள்ளுங்க பெரியப்பா” என்றேன்.

“இருடா கண்ணு” என்றார், தலை நிமிராமல். “கேட்டு எந்தப் பக்கம் இருக்குது?”