மோட்டார்த் திருட்டு: உடையவர் கடமையும் ஸர்க்கார் கடமையும்

ஒருவருடைய மோட்டார் கார் திருட்டுப் போய்விட்டால், உலகம் முதலில் விசாரிப்பது திருடனையல்ல, பறிகொடுத்தவரையே. ‘கதவைப் பூட்டினீரா? சாவியை எங்கே வைத்தீர்? அந்த இடத்தில் ஏன் வண்டியை நிறுத்தினீர்?’ என்று அண்டை வீட்டாரும், போலீஸாரும், இன்ஷூரன்ஸ் கம்பெனியாரும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்கின்றனர். இக்கேள்விகள் அநாவசியமானவை என்று நாம் கூற வரவில்லை. சொத்துடையவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது அவசியமே. ஆயினும், பூட்டுவது உடையவரின் வேலையானால், அந்தப் பூட்டு உண்மையான பூட்டாக இருக்கும்படி பார்ப்பது யாருடைய வேலை? இதனை எவரும் கேட்பதில்லை. இக்கேள்விக்கு விடை காணாதவரையில், உடையவரின் ஜாக்கிரதை பாதிப் பயனே தரும் என்பது நமது அபிப்பிராயம்.

காரின் விஷயத்தில் பூட்டு எனப்படுவது கதவில் உள்ளது மாத்திரமன்று. இக்காலத்துச் சாவியின் தலைப்பில் ஒரு சிறு மின்சில்லு பதிக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் வண்டிக்குள் உள்ள கருவி அச்சில்லின் அடையாளத்தைச் சோதிக்கும். அடையாளம் ஒத்திருந்தாலன்றி இயந்திரத்தை இயங்கவொட்டாது. இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். கள்ளச்சாவி கொண்டு வருபவனும், கம்பிகளை இணைத்து வண்டியைக் கிளப்ப முயல்பவனும் இதன் முன் தோற்றுத் திரும்புவர். ஐரோப்பிய நாடுகள் 1998-ஆம் ஆண்டு முதலும், கனடா 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் முதலும், புதிய கார்களில் இக்கருவி இருந்தே தீரவேண்டுமென்று விதி செய்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஸர்க்கார் அவ்வாறு விதிக்கவில்லை. கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டனர்.

இதன் பலன் என்ன? அமெரிக்க இன்ஷூரன்ஸ் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2015-ஆம் ஆண்டுக் கார் வகைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஏனைய கம்பெனிகளின் வகைகளில் 100-க்கு 96-ல் இக்கருவி இருந்தது. ஹ்யூண்டாய், கியா என்ற இரு கம்பெனிகளின் வகைகளில் 100-க்கு 26-ல் மட்டுமே இருந்தது. இந்தக் குறையைச் சில சிறுவர்கள் கண்டுகொண்டனர். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியின் முனையே அவர்களுக்குச் சாவியாயிற்று. மில்வாக்கி நகரத்தில் 2021-ஆம் ஆண்டு திருட்டுப் போன கார்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இவ்விரு கம்பெனிகளின் கார்களே. மறு ஆண்டில் இவ்வித்தை சமூக வலைத்தளங்களின் வழியே நாடெங்கும் பரவிற்று. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பஃபலோ நகரத்தில், திருடப்பட்ட கியா கார் ஒன்று விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த இளம் பிராயத்தினர் நால்வர் மாண்டனர். கம்பெனியார் இழுத்துக்கொண்டு போய், 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் சுமார் 83 லட்சம் கார்களுக்குப் பரிகாரம் அறிவித்தனர். அதற்குள் இத்திருட்டுக்களின் காரணமாக 14 விபத்துக்களும் 8 மரணங்களும் நேர்ந்திருந்தனவென்று அந்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவே வெளியிட்டது.

இதே கம்பெனிகள்தாம் எல்லைக்கு அப்பால் கனடாவிலும் கார்களை விற்று வந்தன. அங்கே விற்ற கார்களில் இக்கருவி இருந்தது. ஏனெனில் அங்கே சட்டம் இருந்தது. அமெரிக்கச் சிறுவர்களின் வித்தை கனடாவில் பலிக்கவில்லை. கனடியர் அமெரிக்கரைவிட அதிக ஜாக்கிரதையாகக் கதவைப் பூட்டினார்கள் என்றா இதற்குப் பொருள்? ஒரே கம்பெனியின் கார், ஒரே மாதிரியான உடையவர், ஒரே மாதிரியான தெரு. வித்தியாசம் ஒரு சட்டமே. வியாபாரியின் மனச்சாட்சியை நம்பி விடப்பட்ட விஷயத்தில், நாணயம் பொறுப்பற்றுப் போகக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆனால் ஒருமுறை சட்டம் செய்துவிட்டால் என்றைக்கும் காவல் நிற்கும் என்று உறங்கிவிடுதலும் தவறு. அந்தக் கனடாவே இதற்கும் உதாரணம். சாவியைத் திருப்ப வேண்டாம், சட்டைப் பையில் இருந்தாலே போதும், பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும் என்ற புதிய வசதி வந்தது. அச்சாவி மெல்லிய வானொலி அலைகளால் வண்டியோடு பேசுவது. திருடர் இருவர் வருவர். ஒருவன் வீட்டு வாசலருகே ஒரு கருவியைப் பிடித்து உள்ளே இருக்கும் சாவியின் அலையைப் பற்றி வலுப்படுத்துவான். மற்றவன் காரருகே நின்று அதனைக் காருக்கு அளிப்பான். சாவி அருகில் இருப்பதாக எண்ணிக் கார் கதவைத் திறந்துவிடும். இவ்வாறும் வேறு மின்வித்தைகளாலும் ஒண்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் திருடப்பட்ட கார்கள் பெட்டகங்களில் அடைக்கப்பட்டு, மாண்ட்ரியால் துறைமுகம் வழியாகக் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றன. நீதி மந்திரியின் உபயோகத்துக்கென ஸர்க்கார் அளித்த காரே மூன்று முறை களவு போயிற்றென்றால் வேறு சொல்வானேன்? 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கென்றே ஒரு தேசிய மகாநாடு கூட்ட வேண்டியதாயிற்று. கள்வன் ஆண்டுதோறும் புதிய பாடம் படிக்கிறான். சட்டம் பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்தால், ஜயிப்பவன் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவும் ஸர்க்காரும் கம்பெனிகளும் செய்ய வேண்டியவை. இனி, உடையவர் தம் அளவில் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். இரண்டு நிமிஷ வேலை என்று சாவியை வண்டியில் விட்டு இறங்குதலும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் கடைக்குள் செல்லுதலும் திருடனுக்கு அனுப்பும் அழைப்பாகும். குழந்தையை உள்ளே விட்டு அவ்வாறு செல்லுதல் மன்னிக்கத் தகாதது. இரவில் வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துக. சக்கரம் திருப்பும் ஸ்டியரிங்கிற்கு மாட்டும் இரும்புப் பூட்டு பழையதொரு சாதனமே. எனினும் மின்வித்தை அறிந்த திருடனையும் அது தாமதப்படுத்தும், தாமதமே திருடனுக்குப் பகை. பொத்தான் கார் வைத்திருப்போர், வீட்டில் சாவியை வாசற்கதவருகே மாட்டாது, மூடியுள்ள உலோக டப்பாவில் இடுவது நன்று. அலைகள் உலோகத்தைக் கடந்து செல்வது அரிது. பதிவுப் புத்தகத்தின் மூலத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு வருதல் களவுக்கு வாரிசுப் பத்திரம் எழுதித் தருவதற்கு ஒப்பாகும்.

பூட்டு வலுத்தால், கள்வன் பூட்டை விட்டுச் சாவியை உடையவனை நாடுவான். இதுவே வழிமறித்துக் காரைப் பறிக்கும் கொடுமை. இதனைக் குறிக்கும் ‘கார்ஜாக்கிங்’ என்ற சொல்லே 1991-ஆம் ஆண்டு டிட்ராய்ட் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வழக்குக்கு வந்தது. மறு ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, மேரிலண்ட் மாநிலத்தில் ஸேவேஜ் என்ற ஊரில், இந்தியாவிலிருந்து சென்று குடியேறிய ரசாயன விஞ்ஞானியான ஒரு தாய் தம் பெண் குழந்தையுடன் காரில் செல்லுகையில் இருவரால் மறிக்கப்பட்டார். வெளியே தள்ளப்பட்ட அவரது கை ஆசன வாரில் சிக்கிக்கொள்ள, வண்டி அவரை இழுத்துக்கொண்டே ஓடிற்று. அவர் மாண்டார், குழந்தை பிழைத்தது. நாடே பதறிற்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே கார்ப் பறிப்பைத் தேசக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரையும், உயிர் போயின் ஆயுள் முழுவதும் சிறைவாசம் விதிக்கும் சட்டம் நிறைவேறியது. அந்தத் தாய் மன்றாடியது காருக்காக அன்று, குழந்தைக்காக. காருக்காக மாத்திரம் மன்றாடத் தக்க உயிர் எவருக்கும் இல்லை.

ஆதலின் இவ்விஷயத்தில் விதி ஒன்றே: ஆயுதம் தாங்கியவன் கேட்டால் காரைக் கொடுத்துவிடுக. வாதாடுதல் கூடாது, பையில் சட்டென்று கையை விடுதலும் ஆகாது. கைகள் தெரியும்படி இறங்கி, வண்டியை விட்டு விலகி நிற்க. குழந்தை பின்னாசனத்தில் இருந்தால் அதனை உரக்கச் சொல்லிக் குழந்தையை எடுத்துக்கொள்ள இடங்கேட்க. முன்னெச்சரிக்கையாக, கதவுகளை உட்புறம் பூட்டியே ஓட்டுக. சிக்னலில் நிற்கையில் முன்வண்டியின் பின்சக்கரங்கள் தரையில் படிவது தெரியுமளவு இடைவெளி விட்டால், ஒதுங்கிச் செல்ல வழியிருக்கும். ஆளரவமற்ற சாலையில் எவனேனும் வண்டியை இலேசாக இடித்தால் உடனே இறங்காது, வெளிச்சமான இடத்துக்கோ போலீஸ் நிலையத்துக்கோ ஓட்டிச் சென்று பேசிக்கொள்க. நமது நாட்டில் எவ்விடத்திலிருந்தும் 112 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

நமது தேசத்தில் இக்கொடுமைக்கு இலக்காகிறவர்களில் வாடகைக் கார் ஓட்டும் ஏழைத் தொழிலாளரை மறக்கலாகாது. பிரயாணிகளைப் போல ஏறி, ஊர் கடந்ததும் கத்தியைக் காட்டிப் பறிப்பவர் உண்டு. ‘உயிர் பெரிது, வண்டியைக் கொடுத்துவிடு’ என்று அவனுக்கு உபதேசிப்பது நமக்கு எளிது. ஆனால் அவ்வண்டி கடனில் வாங்கியது. அது போனால் தவணை நிற்கும், அடுப்பு அணையும். அப்பயமே அவனைக் கத்தியின் முன் நிற்கச் செய்கிறது. அப்பயத்தைப் போக்கினாலொழிய உபதேசம் அவன் செவியில் ஏறாது. அதனைப் போக்க வல்லவை இன்ஷூரன்ஸும் சட்டமுமே.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சங்கிதையின்படி, சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வாகனத்தைத் திருடினால் 7 ஆண்டு வரை. வழிப்பறிக்கு 10 ஆண்டு, அதுவும் சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் 14 ஆண்டு வரை. அதே நாளில் அமலுக்கு வந்த நாகரிக சுரட்சா சங்கிதையின்படி, குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்திருப்பினும் எந்தப் போலீஸ் நிலையமும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். ‘இது எங்கள் எல்லையன்று’ என்று விரட்ட அதிகாரமில்லை. மின்னஞ்சல் முதலிய வழிகளில் அனுப்பிய புகாரையும், 3 நாளுக்குள் கையெழுத்திட்டால் பதிவு செய்ய வேண்டும்.

நஷ்ட ஈட்டைப் பற்றியும் உடையவர் அறிய வேண்டியவை உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மாத்திரம் இருந்தால் திருட்டுக்கு ஒரு காசும் கிடைக்காது. சொந்த வண்டி நஷ்டத்தையும் சேர்த்து எழுதிய பாலிஸியே வேண்டும். திருட்டுப் போனவுடன் போலீஸில் பதிவு செய்து, தாமதமின்றிக் கம்பெனிக்கும் எழுதுக. இரு சாவிகளையும் பத்திரப்படுத்துக. கம்பெனியார் அவற்றைக் கேட்பர். போலீஸில் உடனே பதிவு செய்திருக்க, கம்பெனிக்கு அறிவிப்பதில் மாத்திரம் தாமதம் நேர்ந்த காரணத்துக்காக ஈட்டை மறுத்தலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2020-ஆம் ஆண்டு டிராக்டர் திருட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டினார் என்ற காரணத்தால், பறிபோன வண்டிக்கு ஈட்டை முற்றிலும் மறுத்தல் தகாதென்று 2008-ஆம் ஆண்டிலேயே அக்கோர்ட்டு கூறியுள்ளது. இத்தீர்ப்புக்கள் அச்சிட்ட புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றால் பயனடைய வேண்டிய டிரைவரின் காதுக்கு எட்டவில்லை.

ஆகவே, பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. ஒவ்வோர் ஊரிலும் டாக்ஸி நிலையங்களில் உள்ள தொழிலாளரைக் கூட்டி இச்சட்டத்தை எடுத்துரையுங்கள். புகாரை ஏற்க மறுக்கும் நிலையத்தில் அவர்களுக்குத் துணை நில்லுங்கள். கார்களின் பூட்டு காலத்துக்கேற்ற சோதனையில் தேறியதா என்பதை மக்கள் அறியும்படி வெளியிடவேண்டுமென்று சட்டசபைகளில் கேட்கச் செய்யுங்கள். திருட்டு விதியல்ல, அது இடங்கொடுத்த இடத்தில் நுழைவது. உடையவர் கதவைச் சாத்தட்டும். கம்பெனியார் நேர்மையான பூட்டைத் தரட்டும். ஸர்க்கார் அப்பூட்டுக்கும், அதனை நம்பிப் பிழைக்கும் ஏழைக்கும் காவல் நிற்கட்டும். இம்மூன்றில் முதலாவதை மாத்திரம் ஜனங்களிடம் வற்புறுத்திவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடும் வழக்கம் இனியேனும் ஒழிக.