மனப்பதிவு ஓவியம்: ஓர் அறிமுகம்

முன்னுரை

இம்ப்ரெஷனிசம் எனப்படும் ஓவிய இயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் தோன்றியது. தமிழில் இதனை உணர்வுப்பதிவுவாதம் எனவும் வழங்குவர். உணர்வு என்னும் சொல் புலனுணர்வையும் உள்ளத்து உணர்ச்சியையும் ஒருங்கே குறிப்பதால், ஓவியர் தம் இன்பதுன்பங்களைத் தீட்டினர் என மாணவர் பிழைபடக் கொள்ள இடமுண்டு. அவ்வியல்பு பின்னர் எழுந்த வெளிப்பாட்டியத்திற்கே பெரிதும் உரியது. புறக்காட்சி ஒரு கணத்தில் பதித்துச் சென்ற தோற்றமே இவ்வோவியரின் பொருள். ஆதலின் மனப்பதிவு ஓவியம் என்னும் தொடரை நாம் இங்கு ஆளுகிறோம்.

தோற்றமும் ஓவியரும்

1874 ஏப்ரல் 15ஆம் நாள், பாரிசில் நிழற்படக் கலைஞர் நதாரின் முன்னாள் பணிக்கூடத்தில் ஏறத்தாழ முப்பது கலைஞர்களின் கண்காட்சி தொடங்கியது. சலோன் எனப்பட்ட அதிகாரபூர்வக் கண்காட்சியின் தேர்வுக் குழுவைச் சாராது, தம் படைப்புகளைத் தாமே மக்கள்முன் வைப்பது அவர்தம் நோக்கம். அங்கு இடம்பெற்ற குளோது மோனேயின் 'பதிவு, சூரிய உதயம்' என்னும் ஓவியத்தின் பெயரைக் கொண்டு, லூயி லெருவா என்னும் திறனாய்வாளர் அக்குழுவினரை எள்ளி எழுதினார். அவ்வேளனப் பெயரே நிலைத்தது. 1886 வரை நடைபெற்ற எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்றவர் கமீல் பிசாரோ ஒருவரே. ரெனுவார், சிசிலி, பெர்த் மொரிசோ, மேரி கசாட் ஆகியோரும் குறிப்பிடத்தக்கவர். டெகா திறந்தவெளியை விடுத்து, பாலே நடனக்கூடங்களையே பெரிதும் தீட்டினார்.

நுட்பங்கள்

1841இல் ஜான் கோஃப் ராண்ட் உருவாக்கிய தகரக்குழாய், நெய்வண்ணத்தை வெளியில் எடுத்துச் செல்வதை எளிதாக்கியது. அருகருகே அமையும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்பதை வேதியியலாளர் செவ்ரல் 1839இல் விளக்கியிருந்தார். இவ்வோவியர் வண்ணங்களை முழுதும் குழைக்காது, குறுந்தீற்றல்களாக அடுத்தடுத்து இட்டனர். விலகி நின்று நோக்குவார் கண்ணில் அவை இணைகின்றன. நிழலைக் கருமையால் காட்டாது நீலத்தாலும் ஊதாவாலும் காட்டினர். மோனே 1892 முதல் 1894 வரை ரூவான் பேராலய முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். கட்டடம் ஒன்றே, பொழுதும் ஒளியுமே வேறு.

சிறுபொழுதும் மனப்பதிவும்

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குச் சிறுபொழுது நினைவுக்கு வருதல் இயல்பு. வைகறை, நண்பகல், எற்பாடு எனப் பொழுதைப் பகுத்தறிந்த மாணவர்க்கு மோனேயின் வரிசை எளிதில் விளங்கும். எனினும் இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. நெய்தலுக்கு எற்பாடு உரியது என்பது புலனெறி வழக்கு. அங்குப் பொழுது உரிப்பொருளுக்குத் துணைநிற்கிறது. மோனே துறைமுகத்தில் வைகறையைத் தீட்டியதோ கண்டதைக் கண்டவாறு பதியும் முயற்சி. இவ்வேறுபாட்டை உணர்த்தினால் மாணவர் அகமரபையும் தெளிவுற அறிவர்.

நம் வட்டாரத்தில்

ஜொகூர் பாருவில் வாழும் நமக்கு இவ்வியக்கத்தின் சுவடுகள் தொலைவில் இல்லை. பாரிசில் பயின்ற ஜார்ஜெட் சென், 1950களில் பினாங்கில் தங்கிப் பின் சிங்கப்பூரில் குடியேறி, நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தார். பின்மனப்பதிவு முறையில் பயின்ற அவர் தூரிகை, ரம்புத்தான் முதலிய இம்மண்ணின் கனிகளையும் தீட்டியது. 2017 நவம்பர் முதல் 2018 மார்ச் வரை, பாரிசின் ஓர்சே அருங்காட்சியக ஓவியங்கள் சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் வைக்கப்பெற்றன.

முடிவுரை

மாணவரைத் தெப்ராவ் நீரிணைக் கரையில் காலையிலும் மாலையிலும் நிறுத்தி, நீரின் நிறங்களைத் தமிழில் எழுதச் செய்யலாம். நீலம் என்னும் ஒரு சொல் போதாது என அவர்கள் உணரும்போது, இவ்வோவியமும் விளங்கும், மொழியும் வளரும்.