லிஸ்பன் நகரில் புதுக் குடித்தனம்

முதலாளி ஒரு தேசத்திலும் சிப்பந்தி வேறொரு தேசத்திலுமாக இருந்துகொண்டு உத்தியோகம் நடப்பது ஒரு காலத்தில் அபூர்வமாயிருந்தது. 2020ஆம் வருஷத்துக் கொள்ளை நோய்க்குப் பிறகு அது சர்வ சாதாரணமாகிவிட்டது. நியூயார்க்கிலோ லண்டனிலோ உள்ள கம்பெனிக்கு இன்டர்நெட் மூலம் வேலை செய்து, அவ்விடத்துச் சம்பளத்தைப் பெற்று, குடியிருக்க மட்டும் வெயிலும் கடற்காற்றும் உள்ள ஊரைத் தேடுவோர் பெருகியிருக்கிறார்கள். 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று பத்திரிகைகள் அவர்களுக்குப் பெயரிட்டிருக்கின்றன. அவர்கள் மிகவும் விரும்பும் ஐரோப்பிய நகரங்களுள் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன் ஒன்று. அங்கே குடிபுக எண்ணுவோர் நம்மிலும் இருக்கக்கூடுமாதலால், இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

இவர்களுக்கென்றே ஒரு தனி விஸாவைப் போர்ச்சுகல் சர்க்கார் 2022 அக்டோபர் 30ந் தேதி முதல் வழங்கலாயினர். மனுதாரரின் மாத வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப்போல் நான்கு மடங்குக்குக் குறையலாகாது என்பது அதன் முக்கிய நிபந்தனை. 2025இல் குறைந்தபட்சக் கூலி மாதம் 870 யூரோ. ஆகவே அவ்வருஷம் மனுதாரர் காட்ட வேண்டியிருந்த வருமானம் 3,480 யூரோ. இக்கணக்கை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை கவனிக்குமாறு வேண்டுகிறோம். ஹோட்டலில் பாத்திரம் துலக்கி 870 யூரோ பெறுகிற உள்ளூர் ஸ்திரீ ஒருத்தி வீடு தேடுகிறாள். அதே வீட்டைத் தேடி வரும் அந்நியரோ அவளைப்போல் நான்கு பங்கு சம்பாதிப்பவர் என்பதற்குச் சர்க்காரின் அத்தாட்சியே இருக்கிறது. வீட்டுக்காரர் யாரிடம் சாவியைக் கொடுப்பார் என்பதைச் சொல்ல ஜோஸியர் வேண்டியதில்லை.

எனினும் பழி முழுவதையும் இப்புதியவர் தலையில் சுமத்துவது நியாயமன்று. லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் வாடகை உயராதபடி 1948இல் ஸலஸாரின் ஆட்சி தடுத்து நிறுத்தியது. 1974ஆம் வருஷப் புரட்சிக்குப் பின் அத்தடை தேசமெங்கும் பரவிற்று. ஏழைக் குடிகளுக்கு அது பெரிய அரணாயிருந்தது வாஸ்தவமே. ஆனால் ஒழுகும் கூரையை மாற்றுவதற்கும் வாடகைப் பணம் காணாதபோது வீட்டுக்காரர் என்ன செய்வார்? அல்ஃபாமா, மொராரியா முதலிய புராதனப் பேட்டைகளில் வீடுகள் சிதிலமடைந்தன. ஜனங்கள் புறநகர்களுக்குப் போயினர். 1981இல் எட்டு லட்சத்துக்கு மேலிருந்த நகர ஜனத்தொகை 2021இல் ஐந்தரை லட்சத்துக்கும் குறைந்துவிட்டது. இக்குறைவில் பெரும் பகுதி 2001க்கு முன்பே நேர்ந்ததாகும். அக்காலத்தில் மடியில் கணினியை வைத்துக்கொண்டு எவரும் அங்கு வந்து இறங்கவில்லை.

பின்னர் 2011இல் போர்ச்சுகல் கடனில் மூழ்கியது. ஐரோப்பிய யூனியனும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் சேர்ந்து 7,800 கோடி யூரோ கடன் கொடுக்க முன்வந்தன. அவை விதித்த நிபந்தனைகளில் வாடகைச் சட்டத்தைத் தளர்த்துவதும் ஒன்று. கடன் கொடுத்தவன் சொல்லுக்குக் கடன்பட்ட தேசம் தலையசைப்பது நமக்குப் புதிதான காட்சியல்ல. 2012இல் சட்டம் தளர்ந்தது. ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் அந்நியருக்கு வாச அனுமதி தரும் ஏற்பாடும் அதே வருஷம் பிறந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுவோருக்குப் பத்து வருஷம் வரிச் சலுகை கொடுக்கும் திட்டமோ 2009லேயே ஆரம்பமாகியிருந்தது. சிதிலமான வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசி உல்லாசப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டனர். இவ்வளவும் நடந்த பிறகு, தயாராக விரித்த பாயில் வந்து உட்கார்ந்தவரே நமது தூர உத்தியோகஸ்தர்.

அந்நியப் பணம் வந்ததால் நகரம் புதுப்பிக்கப்பட்டது, பலருக்குப் பிழைப்பும் கிடைத்தது என்பாரை நாம் மறுக்கவில்லை. ஆனால் புதுப்பித்த வீட்டில் பழைய குடியானவன் இருக்க முடியாமற்போவது எவ்வகை அபிவிருத்தி? 2023 ஏப்ரல் 1ந் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் லிஸ்பன் வீதிகளில் ஊர்வலம் வந்து கேட்ட கேள்வி இதுவே. அவ்வருஷமே வீடு வாங்கி அனுமதி பெறும் வழி அடைக்கப்பட்டது. 2024 முதல் பழைய வரிச் சலுகை புதியவர்களுக்கு இல்லையென்றாயிற்று. நான்கு மடங்கு விஸாவில் மட்டும் அப்போது எவரும் கை வைக்கவில்லை.

சரி, அங்கே குடிபுகுபவர் செய்யவேண்டியதென்ன? முதலில் வரி இலாகாவிடம் ஓர் எண் பெறவேண்டும். அஃதின்றி வாடகை ஒப்பந்தம் எழுதுவது இயலாது. ஒப்பந்தத்தை அவ்விலாகாவில் பதிவு செய்யாமல் வாடகையை ரொக்கமாகக் கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. வாடகை சற்றுக் குறையுமென்று அதற்கு இசைபவர் தமக்குரிய சட்டப் பாதுகாப்பை இழப்பதோடு, தமக்கு இடங்கொடுத்த தேசத்தின் வரியைத் திருடுவதற்கும் துணை போகிறார். வீட்டைப் பார்க்க மழைக்காலத்தில் போவது உத்தமம். லிஸ்பனில் குளிர் அதிகமில்லையென்று நம்பிக் கட்டிய பழைய வீடுகளில் கணப்பு வசதி கிடையாது. ஜனவரி மாதம் சுவரில் பூஞ்சணம் பூத்துவிடும்.

இதைவிடப் பெரிய சங்கடம் கடிகாரத்தைப் பற்றியது. லிஸ்பனுக்கு நியூயார்க் ஐந்து மணி நேரம் பிந்தியது. அமெரிக்கக் கம்பெனிக்கு உழைப்பவர் பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை தொடங்கி இரவு பத்துக்கு எழுந்திருக்கிறார். அண்டை வீட்டார் 'பீகா' என்னும் சிறு கிண்ணக் காப்பியை அருந்தி வார்த்தையாடும் மாலை வேளையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு வேறொரு கண்டத்தாரோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வருஷம் கழிந்தும் மாடிப்படியில் எதிர்ப்படும் கிழவியின் பெயர் அவருக்குத் தெரிவதில்லை. இங்கிலீஷே போதுமென்று எண்ணி ஊர்ப் பாஷையையும் கற்பதில்லை. தமிழருக்கு இவ்விஷயத்தில் சாக்குச் சொல்ல இடமில்லை. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்கள் யாவும் போர்த்துக்கீசியரிடமிருந்தே நம் வீட்டுக்குள் வந்தவை. குடிபுகும் நாளில் வேண்டிய வார்த்தைகளிற் சிலவற்றை நாம் பல நூற்றாண்டுகளாகப் பேசிவருகிறோம்.

மொராரியாவின் அடிவாரத்தில் பென்ஃபர்மோஸோ என்றொரு தெரு உண்டு. வங்காள தேசத்தாரும் பாக்கிஸ்தானியரும் இந்தியரும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். நகரில் வீடு வீடாக உணவு கொண்டு கொடுப்பவர்களில் அநேகர் இத்தேசங்களிலிருந்து வந்தவர்களே. 2024 டிசம்பர் 19ந் தேதி போலீஸார் அத்தெருவை மறித்து, அங்கிருந்தவர்களைக் கைதூக்கச் செய்து சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சோதனையிட்டனர். 'எங்களைச் சுவரோரம் நிறுத்தாதீர்' என்ற கோஷத்துடன் 2025 ஜனவரி 11ந் தேதி, போர்த்துக்கீசியர் பலரும் சேர்ந்து பெரிய ஊர்வலம் நடத்தினர். டிஜிட்டல் நாடோடி என்ற பட்டம் பெற்றவரும் அந்நியரே, அத்தெருவில் நிறுத்தப்பட்டவரும் அந்நியரே. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் போகும் நம்மவர் வீடு பார்க்கும்போது அந்தத் தெருவுக்கும் ஒரு நாள் போய் வரட்டும். நல்ல அரிசியும் பருப்பும் மிளகாய்ப்பொடியும் அங்கேதான் கிடைக்கும்.