ஆக்கமுறை எக்ஸ்போஷரும் கண்ணாடிப் பிம்பத் தொகுப்பும்

கேமராவுக்குள் எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் விழுகிறது என்பதே எக்ஸ்போஷர். அதை வழக்கமான அளவிலிருந்து வேண்டுமென்றே மாற்றி எடுப்பது ஆக்கமுறை எக்ஸ்போஷர் ஆகும். எடுத்த படத்தைப் புரட்டி மூலப்படத்துடன் ஒட்டுவது கண்ணாடிப் பிம்பத் தொகுப்பு. இரண்டையும் பழக, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை நல்ல களம்.

கொடைக்கானலுக்குச் சுமார் 8 கி.மீ. முன்னால் சாலையோரம் விழும் வெள்ளி நீர்வீழ்ச்சியை 1/500 நொடியில் எடுத்தால் துளிகள் உறைந்து நிற்கும். 2 நொடியில் எடுத்தால் நீர் வெண்பட்டாக வழியும். பகலில் 2 நொடி என்றால் படம் வெளுத்துவிடாதா? எஃப்/8 திறப்பில் 1/125 நொடி சரியான அளவு என்று கொள்வோம். எஃப்/16 ஆகக் குறைத்தால் ஒளி கால் பங்காகும். நேரம் சுமார் 1/30 நொடி ஆகும். ஒளியை 64-இல் ஒரு பங்காக்கும் சாம்பல்நிறக் கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்தினால் 2 நொடி கிடைத்துவிடும். முக்காலி கட்டாயம் வேண்டும். கூட்டம் சேருமுன் அதிகாலையில் செல்வது நல்லது.

ஒரே படத்தில் இரு காட்சிகளைப் பதிப்பதும் இவ்வகையே. ஒவ்வொன்றுக்கும் பாதி ஒளி மட்டுமே தர வேண்டும்.

1863-இல் லெவிஞ் என்பவரின் முயற்சியால் உருவானது கொடைக்கானல் ஏரி. அதன் கரையை எடுத்த படத்தைத் தலைகீழாகப் புரட்டிக் கீழே ஒட்டினால், அலையற்ற நீரில் தெரியும் பிம்பம் போலவே இருக்கும். ஆனால் உண்மைப் பிம்பம் நேர்க்காட்சியின் நகல் அன்று. நீர்மட்டத்துக்குக் கீழிருந்து பார்த்தால் தெரியும் காட்சியே நீரில் தெரிகிறது. அதனால் கரையோர மரம், பின்னுள்ள குன்றை நீரில் கூடுதலாக மறைக்கும். நிறமும் சற்று மங்கும். இந்த வேறுபாடு இல்லாத ஏரிப் படம் பெரும்பாலும் ஒட்டுவேலை.

தூண் பாறைகள் மூன்று. இடவலத் தொகுப்பில் ஆறாகிவிடும். சுவரொட்டிக்கு அழகுதான், புவியியல் பாடத்துக்குப் பிழை.

புரட்டுவதால் வரும் கேட்டை, 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் படங்களைக் கொண்டு விளக்கலாம். அங்கு 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படமெடுத்து வருகின்றனர். பழைய படங்கள் ஒளி ஊடுருவும் கண்ணாடித் தட்டுகளில் உள்ளவை. தட்டைப் புறம் மாற்றி வைத்தால் இடவலம் மாறிவிடும். கரும்புள்ளிகள் சூரிய வட்டின் கிழக்கு விளிம்பில் தோன்றி, ஏறத்தாழ 13 நாளில் மேற்கு விளிம்பை அடைகின்றன. தட்டுகள் புரண்டால் சூரியன் எதிர்த்திசையில் சுழல்வதாகக் கணக்கு வரும். ஒரு நாள் படத்தை மட்டும் பார்த்து இப்பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். மறுநாள் படத்தை அருகில் வைத்தால் புள்ளி நகர்ந்த திசை காட்டிக்கொடுத்துவிடும்.