ஜெயிச்ச கையிலும் ஒரு வருத்தம்

இந்த வார எபிசோடில் போக்கர் ஆடும் ஏஐ பற்றிப் பேசினோம். நேரமில்லாமல் விட்டுப்போன ஒரு கதையை இங்கே எழுதுகிறேன். நான் ஜெயிச்ச கைதான், ஆனா இன்னும் உறுத்துது.

நண்பன் வீட்டில் டெக்ஸஸ் ஹோல்டெம். என்னிடம் இரண்டு ஒன்பது. மேசையில் கிங், ஒன்பது, இரண்டு நாலு, கடைசியாக ஒரு ரெண்டு. அதில் மூன்று கார்டு ஹார்ட்ஸ். எனக்கு ஃபுல் ஹவுஸ்! ஜோடி கிங்கோ ஜோடி நாலோ வச்சிருப்பவன் மட்டும்தான் என்னை ஜெயிக்க முடியும். பாட் 100 சிப்ஸ்.

"பெட் பண்ணா பயந்து ஃபோல்ட் பண்ணிடுவான், அவனே போடட்டும்"னு செக் பண்ணேன். அவனும் செக். திருப்பிக் காட்டினால், அவனிடம் ஃபிளஷ்.

"நீ 100 போட்டிருந்தாக்கூட கால் பண்ணியிருப்பேன்டா."

வேல்யூ பெட் என்பது இதுதான்: நம்மைவிடச் சின்னக் கை கால் பண்ணணும்னு போடும் பெட். எவ்வளவு போடுவது? 50 போட்டால் 10 தடவையில் 6 தடவை கால் வரும்னு வைங்க: சராசரி லாபம் 30. 150 போட்டால் 10-க்கு 4 தடவைதான் வரும், ஆனால் சராசரி 60! அடிக்கடி ஃபோல்ட் ஆனாலும் பெரிய பெட்தான் லாபம். அவன் ஓடிடுவானோ என்ற பயம் மட்டும் கணக்காகாது.

இதை மெஷின்கள் நம்மைவிட நல்லா புரிஞ்சுக்கிட்டன. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் கேசினோ ஒன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் நாலு புரொஃபஷனல்களோடு 20 நாளில் 1,20,000 கைகள் ஆடி ஜெயிச்சது. பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பெட்களை அது கூசாமல் போட்டது. பலமான கையிலும் போடும், பிளஃபிலும் போடும். அதனால் எதிராளியால் சும்மா ஃபோல்ட் பண்ணிட்டுப் போக முடியாது. பாட் அளவு பெட் என்றால், இரண்டு வேல்யூ பெட்டுக்கு ஒரு பிளஃப் என்பதுதான் தியரி சொல்லும் விகிதம். பிளஃபே பண்ணாதவனின் பெரிய பெட்டுக்கு யாரும் கால் பண்ண மாட்டாங்க.

அது எப்படிக் கத்துக்கிட்டது? அந்த அல்காரிதத்தின் பெயரிலேயே 'ரிக்ரெட்' இருக்கு. தனக்குத்தானே கோடிக்கணக்கில் ஆடி, ஒவ்வொரு முடிவிலும் "செக்குக்குப் பதில் பெட் பண்ணியிருந்தா எவ்வளவு கூட வந்திருக்கும்?" என்று கணக்கு வைக்கும். எதைச் செய்யாததில் வருத்தம் அதிகமோ, அடுத்த முறை அதை அதிகம் செய்யும்.

நாம தோத்த கைக்கு மட்டும்தான் வருத்தப்படுறோம். அது ஜெயிச்ச கையில் விட்டதையும் எழுதி வைக்குது. என் கணக்கில் அன்றைக்கு மைனஸ் 100.

நீங்க செக் பண்ணி வருத்தப்பட்ட கை எது? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க.